சாலை செய்த நகரம்

சென்ற ஆண்டு பள்ளி திறக்கும் நாளில் என் பேத்தி ஒரு படிவத்தை என் முன் நீட்டினாள். அதில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருந்தது. "தாத்தா, இதில் அம்பாசமுத்திரம் என்று எழுதட்டுமா, திருவனந்தபுரம் என்று எழுதட்டுமா?" என்று கேட்டாள். அம்பாசமுத்திரத்தை அவள் இரண்டே முறை பார்த்திருக்கிறாள். அதுவும் திருமணங்களுக்குச் சென்றபோது. அவள் தந்தை பிறந்தது இவ்வூரில். அவளும் இவ்வூரில் பிறந்தவள். ஆயினும் நம் காலனியில் யாரேனும் 'ஊருக்குப் போகிறேன்' என்றால் அது திருநெல்வேலியையோ மதுரையையோ தஞ்சையையோதான் குறிக்கும். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த நகரத்தைச் சத்திரம்போல் கருதும் வழக்கம் நம்மிடம் இருப்பதை அந்தச் சிறு பெண்ணின் கேள்வி எனக்கு எடுத்துக் காட்டிற்று.

அதற்கு விடையாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளைக் கரமனையாற்றுப் பாலத்திலிருந்து கிழக்கேக்கோட்டை வரை நடத்தியே அழைத்துச் சென்றேன். நல்ல நடைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத தொலைவுதான். வழியில் அவளுக்குச் சொன்னவற்றையும், அன்று சொல்ல விட்டுப்போனவற்றையும் இம்மலர்வழி நம் குடும்பங்களுக்கு எழுத எண்ணினேன்.

திருவனந்தபுரத்தின் பழமையைக் காட்டுவோர் வழக்கமாகக் கோயிலில் தொடங்குவர். அல்லது அருங்காட்சியகத்தில் தொடங்குவர். எனக்கோ இந்நகரத்தைத் தெற்கிலிருந்து வரும் சாலையில் தொடங்கிப் பார்ப்பதே முறை என்று தோன்றுகிறது. அரசு வந்ததும் அவ்வழியே. அரிசி வந்ததும் அவ்வழியே. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. மார்த்தாண்டவர்மர் 1729 முதல் 1758 வரை ஆண்டபோது அவர் தலைநகர் கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரம். குளச்சலில் 1741-ல் டச்சுக்காரரை முறியடித்ததும் அங்கிருந்துதான். 1750-ல் தம் நாட்டை ஸ்ரீபத்மநாபருக்கே அர்ப்பணித்து, தாம் அப்பெருமானின் அடியவராக நின்று ஆளும் முறையை அவர் ஏற்படுத்தினார். பின்னர், தருமராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மரின் காலத்தில், 1795-ஐ ஒட்டித் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. இன்று நாம் காணும் நகரம் அதன் பின்னரே பெருகியது. நகரம் பெருகிய திசையைப் பார்த்தால், அது தெற்குச் சாலையின் ஓரமாகவே முதலில் பெருகியது விளங்கும்.

கரமனையைக் கடந்தவுடன் கிள்ளியாறு. அதைத் தாண்டினால் ஆரியசாலை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றிலும் 'சாலை' என்னும் சொல் இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் அச்சொல்லுக்குப் பெருவழி என்ற பொருளும் உண்டு. அறச்சாலை, கல்விச்சாலை என்ற பொருளும் உண்டு. இங்கே எது பொருள்?

இக்கேள்விக்கு விடை தேட நாம் ஆயிரம் ஆண்டுகள் பின்செல்ல வேண்டும். 985-ல் பட்டமேறிய முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், அவன் காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த' செய்தியை அறிவர். அரியணை ஏறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அவன் மெய்க்கீர்த்தியில் இது இடம்பெறத் தொடங்குகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் தன் வெற்றிகளில் முதலில் வைத்துச் சொல்லும் ஊர், நாம் காய்கறி வாங்கப் போகும் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னால் நம்புவது அரிது. ஆயினும் வலியசாலையில் இன்றும் காந்தளூர் மகாதேவர் கோயில் என்ற பெயரோடு ஒரு கோயில் உண்டு. 'வலிய' என்றால் மலையாளத்தில் 'பெரிய' என்று பொருள். எனவே வலியசாலை என்பது பெரிய சாலை. அறிஞர் பலர் இதுவே கல்வெட்டுச் சொல்லும் காந்தளூர்ச்சாலை என்றனர். பிற்காலச் சோழர் மெய்க்கீர்த்தி ஒன்று அதனைக் கடலோடு சேர்த்துப் பேசுவதால், விழிஞத்தின் பக்கம் தேடுவோரும் உளர். கோயிலின் பெயரும் இடத்தின் பெயரும் ஒன்றாக நிற்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

இனி, கலமறுத்தல் என்றால் என்ன? கலம் என்பது மரக்கலம். சேரனின் கப்பற்படையைச் சோழன் அழித்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. கலம் என்பது உண்கலம். சாலையில் உண்டவர்களின் உணவை நிறுத்தினான், அல்லது வரையறுத்தான் என்பது மற்றொரு சாரார் கொள்கை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். அவர் கண்ட சாலை உணவிடும் அறச்சாலை. குழந்தைகளுக்கு இனிய பாடல்களைத் தந்த கவிஞராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் அப்பெரியார், இந்நகரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதும், கல்வெட்டு ஆராய்ச்சியில் தோய்ந்தவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வழக்கு எப்பக்கம் தீர்ந்தாலும், காந்தளூரில் இருந்தது வெறும் ஊர்த்தெரு அன்று; ஒரு நிறுவனம் என்பது உறுதி.

அந்நிறுவனம் எத்தகையது என்பதற்குச் சான்று ஒரு செப்பேட்டில் கிடைக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் வெளியிட்ட பார்த்திவபுரச் செப்பேடு அது. நெடுங்காலம் திருவனந்தபுரத்து ஹுஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஆராய்ச்சியாளர் அதனை ஹுஜூர் ஆபீஸ் செப்பேடு என்றே வழங்கினர். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்கு மட்டும் கிரந்தம். முஞ்சிறைக்கு அருகே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவபுரத்தில் மன்னன் ஒரு திருமால் கோயிலும், 95 மாணவர் தங்கிப் பயிலும் சாலையும் அமைத்தான். அச்சாலையின் ஒழுங்குக்கு அவன் எடுத்துக்கொண்ட முன்மாதிரி எது? காந்தளூர் மரியாதை! அதாவது, 866-லேயே காந்தளூர்ச்சாலை பிற ஊரார் பார்த்துப் பின்பற்றும் புகழோடு இருந்திருக்கிறது. சேர விரும்பும் மாணவன் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரலாகாது, சூதாடலாகாது, ஒருவரையொருவர் வைதால் தண்டம். இவ்விதிகளைச் சொன்னபோது என் பேத்தி, "எங்கள் பள்ளியில் செல்பேசி கொண்டுவரலாகாது" என்று மட்டும் சொன்னாள். அந்நாளைய தலைமையாசிரியர்களுக்கும் கவலைகள் இருந்திருக்கின்றன.

வலியசாலையிலும் கரமனையிலும் உள்ள அக்கிரகாரங்கள் இதற்கு மிகவும் பிற்பட்டவை. தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கோயில் பணிக்கும் அரசு அலுவலுக்கும் வந்தவர்களின் சந்ததியார் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்கள் பேசும் தமிழில் மலையாளம் கலந்து ஒரு தனிச்சுவை உண்டு. ஒட்டி நின்ற வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து மாடிக் கட்டிடங்களாக மாறிவருவதைக் காண மனம் வருந்துகிறது. நான் முதலில் வந்தபோது கண்ட திண்ணைகளில் பாதியைக்கூட இன்று காணவில்லை.

சாலைக் கடைத்தெருவுக்கு வருவோம். இதனை அமைத்தவர் 1789-ல் திவானான ராஜா கேசவதாஸ். விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள குன்னத்தூரில் 1745-ல் பிறந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கியவரும் அவரே. புதிய தலைநகருக்கு அரண்மனையும் கோயிலும் மட்டும் போதா, அங்காடியும் வேண்டும் என்று கண்ட அறிவாளர் அவர். கோட்டைக்கும் ஆற்றுப் பாலங்களுக்கும் இடையே வணிகர்களைக் குடியேற்றினார். நாஞ்சில் நாட்டிலிருந்தும் பாண்டிச் சீமையிலிருந்தும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மாட்டு வண்டிகள் நெல்லும் பருப்பும் மிளகாயும் ஏற்றிவந்து இங்கே இறக்கின. இன்றும் விடியற்காலையில் சாலைத் தெருவின் பூக்கடைகளில் நின்று கேளுங்கள். தோவாளைப் பூ வந்துவிட்டதா என்ற பேச்சுத்தான் காதில் விழும். பாத்திரக்கடை, மருந்துச் சரக்குக்கடை, வெற்றிலைக்கடை எதிலும் தமிழில் பேரம் பேசலாம். இத்தெரு பெருவழியில் அமைந்ததால் சாலை எனப்பட்டது என்பார் ஒருபுறம். பழைய காந்தளூர்ச்சாலையின் பெயரே இதற்கும் நீண்டது என்பார் மறுபுறம். பள்ளியாகவும் உணவுச்சாலையாகவும் இருந்த சொல் வழியாகி, பின் கடைத்தெருவாகிப் பிழைத்திருக்கிறது என்று நம்ப எனக்கு விருப்பம். விருப்பத்தை ஆதாரம் என்று கொள்ளவேண்டாம்.

இப்பெருவழியில் சற்றுத் தெற்கே உள்ள பாலராமபுரத்தையும் மறக்கலாகாது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மரின் பெயர் தாங்கிய ஊர் அது. தெற்கிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்து நெசவுக்கென்றே அங்குக் குடியமர்த்தினர். நம் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவுப் புடைவை கேரளத்தின் அடையாளம் என்று உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. அதனை நெய்யத் தொடங்கிய கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன.

கடைத்தெரு முடியும் இடத்தில் கிழக்கேக்கோட்டை. உள்ளே நுழைந்ததும் ஏழு நிலைக் கோபுரம் எதிரே எழுகிறது. கேரளக் கோயில்களின் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது பாண்டிநாட்டிலிருந்து நடந்துவந்து நின்றதுபோலத் தோன்றும். இதற்கு 1566-ல் அடிக்கல் நாட்டினர் என்பர். நிறைவேறியது தருமராஜா காலத்தில். உயரம் ஏறத்தாழ 100 அடி. உள்ளே அனந்தசயனரின் திருமுன் உள்ள ஒற்றைக்கல் மண்டபத்தின் தளம் ஒரே பாறை. இப்பெருமானை நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுதும் பாடியிருக்கிறார். குருகூர் நம்பி தாமிரபரணிக் கரையிலிருந்து இத்தலத்தை நினைந்து, எல்லாரும் வாருங்கள் போவோம் என்று அழைக்கும் பான்மையில் அமைந்தது அப்பதிகம். திருவனந்தபுரத்தைப் பாடிய மிகப் பழைய பாட்டுகளுள் ஒன்று தமிழில் இருப்பது நமக்குப் பெருமை மட்டும் அன்று, கடமையும் ஆகும். அதனைப் பொருளோடு சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நம் காலனியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணலாம்.

கோயிலின் பழைய கணக்குகளும் ஆவணங்களும் மதிலகம் ஓலைகள் எனப்படும். ஆயிரக்கணக்கான ஓலைச்சுருணைகள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று எழுத்துகள் பல. நூற்றாண்டுதோறும் மொழி மெல்ல மெல்லத் தமிழின் தோற்றத்திலிருந்து இன்றைய மலையாளத்தின் தோற்றத்துக்கு நகர்வதை அவற்றில் காணலாம். கோட்டைக்குள் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் ஓலைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. கோயிலுக்குச் செல்லும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி அங்கும் செல்லுமாறு வேண்டுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து என் பேத்தி, "இது தமிழா, மலையாளமா?" என்றாள். அவ்வோலையை எழுதியவனிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

குழந்தைகளுக்கு அங்கே மற்றொரு விருந்து மேத்தன் மணி. கோயிலுக்கு எதிரே, மாளிகையின் முகப்பில், தாடி வைத்த முகம் ஒன்று மணிக்கு மணி வாய் திறக்க, இரு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னத்தில் வந்து முட்டும். சுவாதித் திருநாள் காலத்தில் பொருத்தியது. அம்மன்னரின் அவையில்தான் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு வாழ்ந்தார். 1834-ல் தந்தத்தால் இழைத்த வயலினை மன்னரிடம் பரிசாகப் பெற்றார்.

கோட்டைக்கு வடக்கே புதிய நகரம் தொடங்குகிறது. நாம் நாள்தோறும் பேருந்தில் 'ஸ்டாச்சு' என்று இறங்குகிறோமே, அது யாருடைய சிலை? கும்பகோணத்தில் 1828-ல் பிறந்து, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இங்கே திவானாக இருந்த சர் டி. மாதவராவ் அவர்களுடையது. எதிரே உள்ள தலைமைச் செயலகக் கட்டிடம் அவர் காலத்தில் எழுந்து 1869-ல் திறக்கப்பட்டது. வீட்டில் மராத்தியும் ஊரில் தமிழும் பேசும் மரபில் வந்த ஒருவர் மலையாள நாட்டை நிருவகித்தார். அன்று எவரும் அவரிடம் சொந்த ஊர்ப் படிவம் கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து சில அடி தொலைவில் யுனிவர்சிட்டி கல்லூரி. இந்நகரத்தில் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் நின்று பார்க்கவேண்டிய இடம் அது. ஆலப்புழையில் 1855-ல் பிறந்த சுந்தரம் பிள்ளை, அதுவே மகாராஜா கல்லூரியாக இருந்தபோது அங்கே தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் உள்ள தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத்தான் 1970 முதல் தமிழ்நாட்டு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடிவருகிறது. சென்னையிலோ மதுரையிலோ பிறந்த பாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது திருவனந்தபுரத்துப் பாட்டு. அரசு எடுத்துக்கொள்ளாமல் விட்ட அடிகளில் மலையாளத்தின் பெயரும் வருகிறது. தமிழின் வயிற்றில் உதித்த மொழிகளுள் ஒன்றாக அதனை அவர் கண்டார். இன்றைய மொழிநூலார் இரண்டையும் ஒரே மூலத்தின் கிளைகள் என்று கூறுவர். மலையாளம் பேசும் நண்பர்களிடையே அப்பகுதியை நாம் எடுத்துப் பாடத் தேவையில்லை. ஆயின் அவ்விரு மொழிகளையும் ஒருசேர நேசித்தவரின் சொல் அது என்று அறிந்திருப்பது நலம்.

கவிஞராக அவரைப் போற்றும் நாம் அவருடைய மற்றொரு தொண்டை மறந்துவிட்டோம். இந்நாட்டின் பழைய அரசர்களைப் பற்றிக் கதைகளே உலவிய காலத்தில், ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, வேணாட்டு மன்னர்களின் காலநிரலை முதன்முதலில் ஒழுங்குபடுத்தியவர் அவர். அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்த தமிழ். அவற்றைப் படிக்க வல்லவர் இல்லாதிருந்தால் கேரள வரலாற்றில் சில நூற்றாண்டுகள் இருண்டே கிடந்திருக்கும். அவர் 1897-ல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த ஹார்விபுரம், தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரை அவர் சூட்டியது, பேரூர்க்கடையில் உள்ளது. நம் காலனியிலிருந்து பேரூர்க்கடைக்கு நாள்தோறும் செல்வோர் பலர்.

அவருக்குப் பின்னும் இந்நகரத்தில் தமிழாராய்ச்சி வற்றிவிடவில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் 1944-ல் அழகப்பச் செட்டியார் அளித்த நிதியால் தமிழ்த்துறை தொடங்கியது. மு. இராகவையங்கார், வையாபுரிப் பிள்ளை, வ. அய். சுப்பிரமணியம் ஆகியோர் அடுத்தடுத்து அங்கே பணியாற்றினர். அவருள் வையாபுரிப் பிள்ளை இளமையில் இவ்வூரிலேயே வழக்கறிஞராக இருந்தவர். தைக்காட்டில் அடங்கியுள்ள அய்யாவு சுவாமிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரெசிடென்சியில் அலுவல் பார்த்த அத்தமிழ்த் துறவியிடம் யோகம் பயின்றவர்களுள் சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீநாராயண குருவும் இருந்தனர். நாராயண குரு தமிழிலும் பாடல்கள் இயற்றியவர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 1956-ஐச் சொல்லாமல் விடுவது நேர்மை அன்று. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அவ்வாண்டு நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்நாள்வரை ஒரே நாட்டின் இரு பகுதிகளாக இருந்தவை இரு மாநிலங்களாயின. நேற்றுவரை தலைநகரில் வாழும் குடிகளாக இருந்த தமிழர், ஓர் இரவில் வேற்று மாநிலத்தவர் போன்ற நிலையை எய்தினர். அவர்கள் எங்கும் இடம்பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. நம்மைப்போல் பின்னர் வந்தவர்கள், துரும்பாவில் அல்ல, தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட் எழுந்த பிறகு விண்வெளி நிலையத்துக்கும், வங்கிக்கும், ரயில்வேக்கும் வந்தவர்கள். நம்மையும் கரமனையில் பல தலைமுறை வாழ்ந்தவரையும் ஒரே சொல்லால் 'குடியேறியவர்' என்பது பொருந்தாது. அதை நம் சங்கத்திலேயே நாம் பிரித்தறிவதில்லை.

பிரிவினையிலும் ஒரு விந்தை நேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவது கேரள அரசின் தொல்பொருள் துறை. இதனினும் பெரிய விந்தை நவராத்திரி. தலைநகர் மாறிய பின்னும் அரண்மனைத் தெய்வங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. ஆகவே ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது செவிவழிச் செய்தி. உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைப் பெற்றுக்கொண்டு ஊர்வலம் புறப்படும். குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி வரும். களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலக் காவலர் வழியனுப்ப, மறு மாநிலக் காவலர் மரியாதையோடு வரவேற்பர். 1956-க்குப் பின்னும் இது மாறவில்லை.

அவர்கள் நகருக்குள் நுழையும் வழி எது தெரியுமா? கரமனை, கிள்ளிப்பாலம், ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு, கிழக்கேக்கோட்டை. நானும் என் பேத்தியும் நடந்த அதே வழி. சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்வாள். முருகன் ஆரியசாலைக் கோயிலில் தங்குவான். நங்கை செந்திட்டைக் கோயிலில் தங்குவாள். விசயதசமியன்று முருகன் வெள்ளிக் குதிரையில் பூசப்புரைக்குச் சென்று திரும்புவான்.

சென்ற நவராத்திரியில் மாலை நேரத்தில் கரமனையில் நின்று பார்த்தோம். யானைமேல் சரசுவதி வர, பின்னே பல்லக்கில் நங்கை வர, நாகசுரம் முழங்க, தெருவின் இருபுறமும் வீட்டு வாசல்களில் நிறைவிளக்கு வைத்திருந்தனர். எனக்கு அருகே நின்ற அம்மையார் மலையாளத்தில் பேத்தியிடம், 'இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் தெரியுமா, மோளே?' என்று கேட்டார். அவள் மலையாளத்திலேயே விளக்கமாக விடை சொன்னாள். வேளிமலையை மட்டும் தமிழில் சொன்னாள். விழா முடிந்து ஒருநாள் இளைப்பாறிய பின் மூவரும் வந்த வழியே கரமனைப் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினர். அடுத்த ஆண்டு அவர்கள் வரும் நாளில் சங்கத்துப் பிள்ளைகள் அனைவரையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். மாலை நான்கு மணிக்குள் பாலத்தருகே வந்து சேர்ந்தால் நிற்க இடம் கிடைக்கும்.